மிளகாய்ச் சாந்தும் கிராணி நாற்காலியும்

செய்முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். சண்டையைப் பிறகு சொல்கிறேன்.

காய்ந்த மிளகாய் பதினைந்தை வெந்நீரில் ஊறப் போட வேண்டும். விதையை உதறிவிட்டால் நிறம் தூக்கலாக இருக்கும், உறைப்பு கொஞ்சம் அடங்கும். நான் உதறுவதில்லை. ஒரு முழுப் பூண்டு, தோல் உரித்தது. கட்டைவிரல் அளவு இஞ்சி. ஒரு கரண்டி சோம்பு, வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுத்தது. எல்லாவற்றையும் மைய அரைத்து, நல்லெண்ணெய் தாராளமாக விட்டுக் குழைத்து, நாலைந்து லிமாவ் கஸ்தூரி பிழிய வேண்டும். அந்தச் சின்ன எலுமிச்சைக்கு இருக்கிற வாசம் பெரிய எலுமிச்சைக்குக் கிடையாது. நெல்லிக்காய் அளவு குலா மெலாக்கா என்கிற தென்னை வெல்லத்தை நசுக்கிப் போட்டால் நெருப்பில் ஓரம் கருகிப் பளபளக்கும். உப்பு போடக்கூடாது. அது சுட்டு இறக்கிய பிறகு.

இந்தச் சாந்தைக் கத்தரிக்காய், சுக்கினி, குடமிளகாய், வெங்காயம் எல்லாவற்றிலும் புரட்டிக் கரி அடுப்பில் சுட வேண்டும். அவ்வளவுதான் சமையல். நடுவில் ஒரு வேலையை வேண்டுமென்றே சொல்லாமல் விட்டிருக்கிறேன். அது எங்கள் அப்பாவின் வேலை. அதற்கு வருகிறேன்.

மலேசியாவின் கேமரன் மலையில், தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் பிறந்தவன் நான். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள். கணக்கியல் படித்தேன். படிக்கும்போது சனி ஞாயிறுகளில் கீழே டவுனில் ஒரு கபேயில் தட்டு கழுவினேன். அங்கே மெனு அட்டையில் ‘சம்மர் வெஜிடபிள்ஸ்’ என்று ஒன்று இருந்தது. கோடைக்காலக் காய்கறி. ஒருநாள் அந்தத் தட்டு மிச்சத்தோடு என் கைக்கு வந்தபோதுதான் பார்த்தேன். சுக்கினி, கத்தரி, குடமிளகாய். எல்லாம் எங்கள் மலையிலிருந்து லோரியில் இறங்கியவை. எங்கள் மலையில் கோடை என்று ஒன்று கிடையாது. மழை உண்டு, கொஞ்சம் குறைவான மழை உண்டு. இந்தக் காய்கள் எங்களுக்கு வருஷம் முழுக்கக் காய்க்கும். அதற்கு யாரோ ஒரு ஊரின் பருவத்தைப் பெயராக வைத்து, எண்ணெயும் ஏதோ காய்ந்த இலையும் தூவி, வெளுத்துப்போய்ப் பரிமாறினார்கள். ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்தேன். இதற்குக் காரம் போட்டால் என்ன கேடு என்று தோன்றியது. படிப்பு முடிந்த பிறகும் அந்தக் கேள்வி முடியவில்லை. கோலாலம்பூரில் ஓர் ஆபீசில் ஒரு வருஷக் கான்டிராக்ட் வேலை பார்த்தேன். கான்டிராக்ட் முடிந்த அன்று மற்றவர்கள் அடுத்த வேலைக்கு விண்ணப்பம் எழுதினார்கள். நான் பஸ் ஏறி மலைக்கு வந்துவிட்டேன்.

முதல் முயற்சியை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. கோழிக்கு மசாலா தடவி ஊற வைப்பது போலக் காய்களை வெட்டி, சாந்தும் உப்பும் புரட்டி, ராத்திரி முழுக்க மூடி வைத்தேன். காலையில் திறந்தால் சட்டி நிறையச் சிவப்புத் தண்ணீர். மலைக்காய்க்கு உடம்பெல்லாம் தண்ணீர். உப்பைக் கண்டதும் மொத்தத்தையும் விட்டுவிட்டது. கரியில் போட்டேன். புகைந்தது, கொதித்தது, சுடவே இல்லை. பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, “என்ன தம்பி, யூனிவர்சிட்டில நெருப்பு மேல கொழம்பு வைக்கச் சொல்லிக் குடுத்தாங்களா?” என்றார். அம்மா ஒரு துண்டை எடுத்து அமுக்கிப் பார்த்தார். “இது சுட்டதில்ல, அவிச்சது” என்று சொல்லிவிட்டு அதையே சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டார். எங்கள் வீட்டில் எதையும் கொட்டுவதில்லை.

அடுத்த முறை உப்பை நிறுத்தினேன். தண்ணீர் குறைந்தது, போகவில்லை. துணியால் ஒற்றினேன். துணி நனைந்தது, காய் அப்படியே இருந்தது. யூடியூப்பில் வெள்ளைக்காரர்கள் அடுப்புச் சூட்டை ஏற்றச் சொன்னார்கள். ஏற்றினேன். வெளியே கரி, உள்ளே பச்சை.

மூன்றாம் நாள் தேயிலை பேக்டரி பக்கமாக நடந்து போனேன். எங்கள் மலையில் பிறந்தவனுக்கு அந்த வாசம் மூக்கில் ஏறுவதே இல்லை, மூச்சோடு போய்விடும். வெளியூரில் இருந்துவிட்டு வந்ததால் அன்று எனக்கு ஏறியது. பச்சையும் இல்லாத, டீயும் இல்லாத, நடுவில் இருக்கிற வாசம். வாட்டுகிற இடத்திலிருந்து வருவது. பறித்த இலையை நேரே உருட்டுகிற மெஷினில் போட்டால் நசுங்கிச் சட்டினியாகிவிடும். அதனால் நீளமான கம்பிவலைத் தொட்டியில் பரப்பி, கீழே இருந்து காற்று விட்டு, இலையின் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவார்கள். அதுதான் வாட்டுவது. முப்பது வருஷமாக எங்கள் அப்பாவின் வேலை அதுதான். மெஷினில் நேரம் இருக்கிறது, மானி இருக்கிறது. அப்பா அதைப் பார்க்க மாட்டார். ஒரு இலைக் காம்பை எடுத்து இரண்டு விரலில் வளைப்பார். டக்கென்று ஒடிந்தால் இன்னும் வாடவில்லை. ஒடியாமல் வளைந்து கொடுத்தால் ஆயிற்று.

நான் வீட்டுக்கு ஓடினேன். நடந்தேன் என்று எழுதினால் பொய். அம்மாவின் பழைய கட்டிலிலிருந்து கழற்றிப் போட்டிருந்த கம்பிவலையைத் தேய்த்துக் கழுவி, நான்கு செங்கல்லின் மேல் வைத்து, வெட்டிய காய்களைப் பரப்பினேன். மலைக்காற்று அடியில் புகுந்து போனது. இரண்டு மணி நேரம் கழித்து ஒரு சுக்கினித் துண்டை வளைத்துப் பார்த்தேன். வளைந்தது. அதன்மேல் சாந்து ஒட்டியது, வழியவில்லை. கரியில் வைத்தபோது சத்தம் மாறிவிட்டது. முன்பெல்லாம் கொதிக்கிற சத்தம். இப்போது சீறுகிற சத்தம். ஓரம் கருகியது, உள்ளே வெண்ணெயாக இருந்தது, காரம் நாக்கின் பின்பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

அந்தத் தட்டை அப்பாவுக்கு எடுத்து வைக்கலாம் என்று காத்திருந்தேன். அன்று சாயங்காலம்தான் அப்பா முகம் முழுக்கச் சிரிப்போடு வந்து அந்தச் சேதியைச் சொன்னார்.

எங்கள் தோட்டத்து ஆபீசுக்கு ஒரு ஜன்னல் உண்டு. சம்பள நாளில் வெளியே வரிசையில் நின்று, தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கிராணி, அதாவது தோட்டத்துக் குமாஸ்தா, பெயர் கூப்பிடும்போது கையை நீட்ட வேண்டும். இப்போது சம்பளம் பேங்கில் போகிறது. ஆனாலும் லீவ் கேட்க, மருந்துக் கடிதம் வாங்க, கூரை ஒழுகுகிறது என்று சொல்ல அதே ஜன்னல்தான். எங்கள் தாத்தா அங்கே நின்றார். அப்பா நிற்கிறார். அம்மா முட்டிவலியால் கொழுந்து பறிக்கிற வேலையை நிறுத்தும்வரை அங்கேதான் நின்றார். அந்த ஜன்னலுக்கு உள்ளே ஒரு நாற்காலி காலியாகப் போகிறது. சின்னக் கிராணி வேலையை விட்டு, தன் மகன் வீட்டோடு இருக்கப் போகிறார். அப்பா பெரிய கிராணியிடம் போய், என் மகன் கணக்குப் படித்தவன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். சனிக்கிழமை மேனேஜரைப் பார்க்க வேண்டும். பார்ப்பது பேருக்குத்தான், வேலை முடிந்த மாதிரி.

நாற்காலி மட்டும் என்றால் நான் இத்தனை பக்கம் எழுத வேண்டாம். வீடும் அதில் இருந்தது. லைன் வீடு தோட்டத்துடையது. குடும்பத்தில் ஓர் ஆள் தோட்டத்தில் வேலை செய்தால்தான் வீடு. அப்பாவுக்கு அடுத்த வருஷம் வேலை முடிகிறது. நான் கிராணி ஆனால் அம்மாவும் அப்பாவும் இதே மலையில், கிராணி வீட்டில், வாசலில் பூச்செடி வைத்துக்கொண்டு இருக்கலாம். ஆகாவிட்டால் சாமான் கட்ட வேண்டும். அப்பா கேட்டது பெரிய பேராசை இல்லை. அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்தும்தான் முடியாது என்றேன்.

மாமாவைப் பற்றியும் அப்போதுதான் சொன்னேன். அம்மாவின் தம்பி அவர். லெம்பா பெர்த்தாமில் சின்னக் காய்கறித் தோட்டம், கியா பார்ம் சாலையோரத்தில் ஒரு கடை. கடையின் முன்னால் ஓர் ஓரத்தை எனக்குக் கொடுக்கிறேன் என்றிருந்தார். வளைந்த கத்தரி, கோணல் குடமிளகாய், லோரிக்காரன் ரிஜெக்ட் என்று ஒதுக்குகிற எல்லாம் எனக்கு. அங்கே கரி அடுப்பு வைத்துச் சுட்ட காய் விற்கப் போகிறேன்.

அப்பா முதலில் நான் விளையாடுகிறேன் என்று நினைத்தார். பிறகு என் கைகளைப் பார்த்தார். மிளகாய் அரைத்துச் சிவந்து கிடந்தன.

“இதுக்காடா படிக்க வச்சேன்? கரி ஊதவா?”

நான் சொன்னேன், அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் உங்களைப் போல இன்னொருத்தர் வெளியே தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்பார், நான் உள்ளே இருந்து அவர் பெயரைக் கூப்பிட வேண்டும், அது என்னால் ஆகாது என்று. சொன்ன விதம் கொஞ்சம் அதிகம்தான். படித்தவன் பேசுகிற பேச்சு.  அப்பா வேறொன்று கேட்டார்.

“நின்னது நானு. எனக்கே ரோசம் இல்ல, உனக்கென்ன?”

அதில் நியாயம் இருந்தது. இன்றும் இருக்கிறது. ஆனால் நியாயம் இருக்கிறது என்பதற்காக ஒத்துக்கொள்ள முடியுமா?

அன்றிலிருந்து அப்பா என்னோடு பேசுவதை நிறுத்தினார். நான் சமைத்ததைத் தொடுவதையும் நிறுத்தினார். அம்மா நடுவில் நின்று, “அப்பா குளிக்கப் போறாராம், வழியை விடு” என்று ஒரே அறையில் இருக்கிற இரண்டு பேருக்கும் தூது பேசினார். சில சமயம் எரிச்சலாகி, “நீங்களே பேசிக்கலாம்லா, நான் என்ன ரேடியோவா?” என்பார். இரண்டு பேரும் பேச மாட்டோம்.

சனிக்கிழமை மேனேஜரைப் பார்க்க நான் போகவில்லை என்றால் தலை குனிவது அப்பா. அதனால் வெள்ளிக்கிழமையே நான் ஆபீசுக்குப் போனேன். ஜன்னலுக்குப் போகவில்லை. கதவைத் தட்டி உள்ளே போனேன். எங்கள் குடும்பத்தில் அந்தக் கதவு வழியாகப் போன முதல் ஆளும் நான்தான், அதுவும் வேலை வேண்டாம் என்று சொல்ல.

பெரிய கிராணி நல்ல மனுஷர். சட்டைப்பையில் இரண்டு பேனா, மேலே கம்பளிச் சட்டை. உட்காரச் சொன்னார். அப்பா நல்ல எண்ணத்தோடுதான் கேட்டார், முடிவு என்னுடையது, அவர்மேல் வருத்தம் வைக்கக்கூடாது என்று வரும் வழியெல்லாம் மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“என்ன தொழில் பண்ணப்போற தம்பி?”

சொன்னேன்.

“மொளகாவுக்கு ஈபிஎப் கட்டுவாங்களா?”

“கட்ட மாட்டாங்க ஐயா. நானே கட்டிக்குவேன்.”

“மழை பெஞ்சா?”

“குடை இருக்கு ஐயா.”

சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்தி, வீட்டு விஷயம் யோசித்தாயா என்று கேட்டார். யோசித்தேன், கம்போங் ராஜாவில் வாடகைக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். அந்த நிமிஷம்வரை நான் பார்க்கத் தொடங்கவில்லை. சொல்லிவிட்டதால் அடுத்த நாளிலிருந்து பார்க்க ஆரம்பித்தேன். எழுந்தபோது அவர் மெல்லிய குரலில் சொன்னார், “உங்கப்பா அன்னைக்கு இதே கதவுகிட்ட வந்து நின்னாரு. உள்ள வாங்கன்னேன், வரல. வெளியவே நின்னு கேட்டுட்டுப் போனாரு.” நான் தலையாட்டிவிட்டு வந்தேன். வழியில் பேக்டரி பக்கம் திரும்பவில்லை, சுற்றிப் போனேன்.

கியா பார்மில் முதல் வாரம் மானத்தை வாங்கியது. பக்கத்துக் கடைகளில் சோளமும் சீனிக்கிழங்கும் சுடுவார்கள், ஸ்ட்ராபெரி விற்பார்கள். அதைத்தான் ஆட்கள் தேடி வருகிறார்கள். கருகிய கத்தரிக்காயை யார் தேடுவார்? கார் கண்ணாடியை இறக்கி, என்ன இது என்று கேட்டு, காரம் என்றதும் ஏற்றிக்கொண்டு போனார்கள். தோட்டத்து ஆட்கள் டவுனுக்குப் போகும் வழியில் மோட்டாரை நிறுத்தி, “என்ன கிராணி, இன்னைக்கு என்ன கணக்கு?” என்று கூப்பிட்டார்கள். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. சோளக்கடை அண்ணன்கூட, “கிராணி, நெருப்பு குடு” என்று வந்து கங்கு வாங்கிப் போனார். ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு ஓர் அட்டையில் பெரிதாக ‘கிராணி கடை’ என்று எழுதி மாட்டினேன். கூப்பிடட்டும். எழுதியே வைத்துவிட்டால் கேலி செய்கிறவனுக்கு வேலை இல்லாமல் போகிறது.

மாமா, சர்க்கரை கொஞ்சம் தூக்கலாகப் போட்டுக் காரத்தைக் குறைத்தால் என்ன என்றார். வியாபாரத்துக்காகச் சொன்னார். நான் குறைக்கவில்லை. விதையை உதறாத பிடிவாதம் அந்த வாரத்தில்தான் வந்தது. வெளுத்த காய் வேண்டுமென்றால் கீழே கபே இருக்கிறது, அங்கே போகட்டும். சாப்பிட்ட ஒரு சீனக் குடும்பம் மூக்கில் நீர் வழிய இன்னொரு தட்டு கேட்டது. ஒரு மலாய் அக்கா சாந்தை மட்டும் புட்டியில் தருவாயா என்றார். தாப்பாவிலிருந்து வந்த ஒரு தமிழ்ப் பெரியவர், சுட்ட காயைச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டால் எப்படி இருக்கும் என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் பொட்டலம் கட்டச் சொன்னார்.

ஒரு மாதம் போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை, பத்து மணி வாக்கில் பிரிஞ்சாங்கிலிருந்து மேலே வந்த ஒரு லோரி மாமா கடைக்கு எதிரே நின்றது. எங்கள் தோட்டத்து லோரி இல்லை, உரக்கடை லோரி. முன்சீட்டிலிருந்து அப்பா இறங்கினார். லீவ் நாளில் போடுகிற சட்டை. மாமாவைப் பார்க்க வந்தவர் போல நேரே உள்ளே போய் உருளைக்கிழங்கு விலை கேட்டார். அப்பாவுக்கும் உருளைக்கிழங்குக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குத் தெரியவில்லை. நான் கரியைக் கிளறிக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் மூன்று கம்பிவலையில் வெட்டிய காய்கள் காற்றில் கிடந்தன. அன்று விடியலில் நல்ல பனி.

உள்ளே விலை பேசிக்கொண்டிருந்த சத்தம் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். அப்பா கம்பிவலைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். செங்கல்லைப் பார்த்தார், வலைக்கு அடியில் கையை விட்டுக் காற்று வருகிறதா என்று பார்த்தார். தேயிலையை எப்படிப் பரப்புவார்களோ அப்படி, மேடு பள்ளம் இல்லாமல் ஒரே கனத்தில் நான் பரப்பியிருந்தேன். அதை நான் யாரிடமும் கேட்டுச் செய்யவில்லை. அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன், சொல்லாமல். அது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

ஒரு சுக்கினித் துண்டை எடுத்து இரண்டு விரலில் வளைத்தார்.

டக்.

“வாடல” என்றார். ஒரு மாதம் கழித்து என்னோடு பேசிய முதல் வார்த்தை.

என் முதுகு நிமிர்ந்துவிட்டது. என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது எழுதும்போது நன்றாகத் தெரிகிறது. அப்போது நான் சொன்னது, “காய்க்கு இவ்வளவு வாடினா போதும்பா. இது எல இல்ல.”

“எலையோ காயோ, தண்ணி தண்ணிதான்.”

“ரொம்ப வாடினா தோல் ரப்பராயிரும்.”

“யாரு சொன்னா?”

“சுட்டுப் பாத்தேன்.”

அப்பா கையிலிருந்த துண்டை வலையிலேயே திரும்ப வைத்தார். மாமா தராசுக்குப் பின்னால் நின்றபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு காரில் வந்த பெண் விலை கேட்டார், நான் காதில் வாங்கவில்லை. கரியிலிருந்து அப்போதுதான் இறக்கிய காய்கள் ஒரு தட்டில் இருந்தன. அதில் உப்பு தூவினேன். தட்டை நீட்டவில்லை. அடுப்பின் ஓரத்தில் வைத்தேன், எடுத்தால் எடுக்கட்டும் என்று.

எடுத்தார். கத்தரிக்காயை முதலில், பிறகு ஒரு குடமிளகாய். காரம் ஏறியதும் உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு மேலே அட்டையைப் பார்த்தார். எழுத்துக் கூட்டிப் படிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆகும். கிராணி கடை. படித்து முடித்த பிறகும் அதைப் பார்த்துக்கொண்டே இன்னொரு துண்டு எடுத்தார். சிரித்தாரா என்று கேட்காதீர்கள். அவர் முகத்தில் மிளகாய் இருந்தது, எதையும் கண்டுபிடிக்க முடியாது.

லோரி ஹாரன் அடித்தது. தட்டில் மிச்சம் இருந்ததைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். எண்ணெய் சட்டையில் ஊறுவது தெரிந்தும் வைத்துக்கொண்டார். போகும்போது வலையைக் கைகாட்டிச் சொன்னார்:

“நாளைக்கு அர மணி முன்ன பரப்பு.”

அடுத்த வருஷம் சாமான் கட்டத்தான் போகிறோம். கம்போங் ராஜாவில் கடைகளுக்கு மேலே இரண்டு அறை பார்த்திருக்கிறேன். அம்மா படி எத்தனை என்று எண்ணிவிட்டு வந்து முட்டியைத் தடவிக்கொண்டார், வேண்டாம் என்று சொல்லவில்லை. சின்னக் கிராணி நாற்காலியில் பக்கத்துத் தோட்டத்து ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், நல்ல பையன் என்கிறார்கள். அப்பா இன்னும் அந்த ஜன்னலில்தான் லீவ் கேட்கிறார். ஞாயிறு லீவ் இருக்கும்போது ஏன் கூடுதலாக ஒரு நாள் என்று கிராணி கேட்டாராம். கியா பார்மில் வேலை இருக்கிறது என்றாராம்.

அப்பா சொல்லிவிட்டுப் போன மறுநாள் நான் வழக்கமான நேரத்துக்குத்தான் பரப்பினேன். இன்றும் அதே நேரம்தான். கனத்த பனி விழுகிற நாட்களில் மட்டும் அரை மணி முன்னால் பரப்புகிறேன். அது பனிக்காக.